எழுந்து நிற்கச் சொல்லாத சோறு

(2025 அக்டோபரில், கீழத்தஞ்சைப் பகுதியில் ஒரு ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. 1984-இல் வேலைக்குச் சேர்ந்து 2020-இல் ஓய்வு பெறும்வரை, 36 வருஷம் அடுப்புக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் நின்றவள் நான். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். திங்கட்கிழமையிலிருந்து.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், திங்கட்கிழமை சோறு போதாது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம். திங்களானாலும் வெள்ளியானாலும் அளவு ஒன்றுதான். ஆனால் வெள்ளிக்கிழமை அண்டாவின் அடியில் இரண்டு கரண்டி மிஞ்சும். திங்கட்கிழமை அண்டாவைச் சுரண்டுகிற சத்தம் மூன்றாம் வகுப்பு வரைக்கும் கேட்கும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் என்ன சமைத்தார்கள், எத்தனை வேளை சமைத்தார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அந்த அண்டாவே சொல்லிவிடும்.

ஒரு பையன் இருந்தான், இரண்டாம் வகுப்பு. தினமும் பத்து மணிக்குக் கூடத்து வாசலில் வந்து நிற்பான். "டீச்சர், மணி என்ன?" என்பான். சொல்வேன். போய்விடுவான். பத்தரைக்கு மறுபடி வருவான், "டீச்சர், மணி என்ன?" பதினொன்றுக்கு ஒரு தடவை. முதலில் சேட்டை என்றுதான் நினைத்தேன். ஆயாதான் சொன்னார்: "அவனுக்கு மணி பார்க்கவே தெரியாதும்மா. அவன் கேட்கிறது வேற." அவன் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு நடவுக்குப் போய்விடுவார். ராத்திரிச் சோறு மிஞ்சியிருந்தால் நீராகாரம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அவன் "பசிக்கிறது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏழு வயதில் அவனுக்கு மானம் இருந்தது. மணி மட்டும்தான் கேட்பான்.

சரி, பசிக்கு என்ன செய்வது? நம் ஊரில் உடனே வரும் பதில் அன்னதானம். நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அடுப்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன். ஆனால் அந்த அடுப்பு மூட்டி ஒன்பது வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். தர்மம் செய்கிறவர்கள் அப்போது இல்லாமல் போய்விடவில்லை, ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். ஆனால் உயிரைத் தீர்மானித்தது வேறொன்று. வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூட ஒரு அணா போதும் என்று உத்தரவு போட்டார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது மனுஷன் உயிர் தரிக்கிற அளவே இல்லை என்று எதிர்த்து எழுதினார், விடாமல் எழுதினார். அப்புறம்தான் அளவு கூட்டப்பட்டது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் வாழ்நாள் முழுக்க கிராம் கணக்கில் அரிசி அளந்தவள். ஒரு ஆளுக்கு எத்தனை கிராம், யார் யாருக்கு உண்டு, எத்தனை நாளைக்கு என்று எங்கோ ஒருவர் ஒரு தாளில் எழுதுகிறார். அந்தத் தாளுக்குத்தான் பெரிய வார்த்தையில் கொள்கை என்று பெயர். நம்முடைய இரக்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தத் தாளில் உள்ள எண்ணைத் தாண்டி அண்டா நிறையாது. ஆகவே அந்தத் தாளை எழுதும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். அதோடு இன்னொன்று. அந்தத் தாளில் நாம் கேட்க வேண்டிய வார்த்தை "ஏழைகளுக்கு" என்பதல்ல, "எல்லாருக்கும்" என்பது. ஏன் என்பதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்தது 1967-இல். அப்போது மதிய உணவு இருந்தது. காமராஜர் காலத்தில் 1956 வாக்கில் தொடங்கியது, பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டி வளர்த்தது. அதற்கும் முன்னால் 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டது. 1925-இல் அந்தச் செலவைக் கல்வி நிதியில் எழுதக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு மறுத்ததும் அது நின்றது, பிறகுதான் மறுபடி வந்தது. ஒரு கணக்குத் தலைப்பில் எழுத இடமில்லை என்பதற்காகப் பிள்ளைகளின் சாப்பாடு நின்றிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் கொடுத்த மக்காச்சோள மாவில் உப்புமா, பால் பவுடரைக் கரைத்துப் பால். அந்த மஞ்சள் உப்புமாவின் வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் எல்லாருக்கும் கிடையாது. ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும். யார் ஏழை என்று வாத்தியார் ஒரு பட்டியல் வைத்திருப்பார். பதினொன்றரை மணிக்குப் பட்டியலைப் படிப்பார். பெயர் வந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியே போக வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் பெயர் அதில் உண்டு. முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஓடினேன். மூன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி, அவளுக்கும் பட்டியலில் பெயர் உண்டு, ஒருநாள் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் இரண்டு தடவை கூப்பிட்டார். "எனக்குப் பசிக்கல சார்" என்றாள். அந்த வருஷம் முழுக்க அவள் எழுந்திருக்கவே இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டாள். களை பறிக்கப் போனாள். இன்றைக்கும் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பட்டியலில் பெயர் இருந்தும் பட்டினி கிடந்தவள் அவள்.

இன்னொன்றும் இருந்தது. செலவில் ஒரு பகுதி அரசு கொடுக்கும், மீதி ஊர்ப் பங்கு. ஊர்ப் பங்கு என்றால் எங்கள் ஊரில் ஒரு மிராசுதார். நல்ல மனுஷர்தான். அறுவடைக்கு அறுவடை இத்தனை மூட்டை என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். ஒரு வருஷம் கூலித் தகராறு வந்தது. அந்தத் தையில் மூட்டை வரவில்லை. பெரியவர்கள் வரப்பில் நின்று கேட்ட கூலிக்குப் பிள்ளைகள் தட்டில் சோறு போயிற்று. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. கொடுப்பவர் மனசை நம்பி இருக்கும் சோறு, அந்த மனசு மாறுகிற நாள்வரைக்கும்தான் வரும்.

கூலி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் மண்ணில் பசியைப் பற்றிப் பேசிவிட்டு வெண்மணியைப் பேசாமல் போகக்கூடாது. காவிரி பாயும் ஊர்களில், நெல் விளைவித்தவர்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடுப்பு எரியாது. நடவு முடிந்திருக்கும், அறுப்புக்கு நாள் இருக்கும், வேலை இருக்காது. அந்தப் பசியில்தான் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் தீ வைக்கப்பட்ட ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். அடுத்த வருஷம், 1969-இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் முன்னாலேயே வந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் அந்த வழியே பஸ்ஸில் போக முடிவதில்லை. 2006-இல் நூறு நாள் வேலை முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. இந்த ஊர்களில் மழைக்கால அடுப்பை அது எப்படி மாற்றியது என்பதை இங்கே இருக்கிற தாய்மார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். இந்த வருஷத் தொடக்கத்தில் அந்தக் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தபோது மளிகைக்கடைக் கடன் எவ்வளவு ஏறியது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் 1982. ஜூலை 1, திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகள், அறுபது லட்சத்துக்கும் மேல். அரசுக்குக் கட்டுப்படியாகாது, வீண் செலவு, ஓட்டுக்காகச் செய்வது என்று படித்தவர்கள் பலர் சொன்னார்கள். சின்ன வயதில் பட்டினி கிடந்த மனுஷர் அவர். கணக்குப் பார்த்தவர்களின் கணக்கில் அது இல்லை. இரண்டே வருஷத்தில் பத்தாம் வகுப்பு வரை திட்டம் நீண்டது. அந்த 1984-இல்தான், கணவர் இறந்து கைக்குழந்தையோடு நின்ற எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். ஆக, அந்தத் தாள் என் வீட்டு அடுப்பையும் சேர்த்துத்தான் ஏற்றியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் பார்த்தது இதுதான். பட்டியல் இல்லை. யார் பெயரையும் படிக்கவில்லை. மணி அடித்தது, விருப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் மாடு மேய்க்கிறவர் பிள்ளை. அன்றைக்கு நான் அண்டாவுக்குப் பின்னால் திரும்பி நின்று அழுதேன். புகை என்று ஆயாவிடம் சொன்னேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தங்கள் பிள்ளைக்குத் தனித்தட்டு, தனி வரிசை கேட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2018-இல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில், சமைப்பவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பெண் என்பதற்காக அவர் சமைக்கக்கூடாது என்று மறித்தார்கள். முதலில் அவரைத்தான் வேறு இடத்துக்கு மாற்றினார்கள், கண்டனம் வந்த பிறகு அந்த மாற்றலை ரத்து செய்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்பது நம் ஊரில் சாதாரண காரியம் இல்லை. அதனால்தான் அதை ஒவ்வொரு நாளும் மத்தியானம் செய்ய வேண்டியிருக்கிறது.

அந்தத் தட்டு வளர்ந்த விதத்தையும் பாருங்கள். 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-இல் வாரம் ஒன்று ஆயிற்று. 2010-இல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு ஆட்சி தொடங்கியதை மறு ஆட்சி நிறுத்த முடியாமல் போனது ஏன்? நிறுத்தினால் எல்லா வீட்டிலும் கேள்வி வரும். ஏழை வீட்டில் மட்டும் கேள்வி வந்தால் அது கோட்டை வரைக்கும் போய்ச் சேராது.

ரேஷனிலும் இதே கதைதான். 1997-இல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தது. பல மாநிலங்களில் பட்டியல் போட்டார்கள். தமிழ்நாடு பிரிக்காமல் எல்லாருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதும் இதே பிரச்சினை. அந்தச் சட்டப்படி தமிழ்நாட்டில் கிராமப்புறத்தில் 62.55 சதவீதம் பேர், நகர்ப்புறத்தில் 37.79 சதவீதம் பேர் மட்டும்தான் மத்திய அரசின் கணக்கில் வருவார்கள். 2016 நவம்பரில் நம் மாநிலம் அந்தச் சட்டத்தில் சேர்ந்தபோது, மீதிப் பேரையும் விடாமல் தன் செலவில் சேர்த்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

"வசதியானவனுக்கு எதற்கு ரேஷன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. ரேஷன் அரிசி கடத்தப்படுகிறது, மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது என்பதும் உண்மை. அது களவு, களவைப் பிடிக்க வேண்டும். அதற்காக அட்டையைப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? யோசித்துப் பாருங்கள், யார் ஏழை என்று முடிவு செய்யப்போவது யார்? வீட்டு வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றால் பெயர் போய்விடும். தொகுப்பு வீடு என்றாலும் மேலே காங்கிரீட் என்று பெயர் போய்விடும். தப்பாக ஒரு வசதிக்காரர் உள்ளே வந்தால் அரசுக்கு 20 கிலோ அரிசி நஷ்டம். தப்பாக ஒரு ஏழை வெளியே போனால் என்ன நஷ்டம் என்பதற்கு ஜார்க்கண்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2017 செப்டம்பர். சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுப் பெண் பிள்ளை ஒன்று இறந்துபோனது. ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை நீக்கியிருந்தார்கள். பல நாளாக வீட்டில் சாப்பாடு இல்லை, சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே இறந்தாள் என்று தாய் சொன்னார். நோயால் இறந்தாள் என்று நிர்வாகம் சொன்னது. ஒன்று மட்டும் பாருங்கள், அந்தச் சமயம் துர்கா பூஜை விடுமுறை. பள்ளிக்கூடம் மூடியிருந்தது, மதிய உணவும் இல்லை. நான் இதைப் படித்த அன்று எங்கள் கூடத்தில் திங்கட்கிழமை அண்டா சுரண்டுகிற சத்தம் காதில் கேட்டது. இரண்டு நாள் விடுமுறைக்கே அந்தச் சத்தம் என்றால்.

அந்தப் பிள்ளைக்குத் தர நாட்டில் அரிசி இல்லாமல் இல்லை. அதற்கு 16 வருஷம் முன்னாலேயே, 2001-இல், ராஜஸ்தானில் இதே நிலைமை. வறட்சி. ஜெய்ப்பூர் பக்கம் இந்திய உணவுக் கழகக் கிடங்கில் தானியம் நிரம்பி வழிந்தது, கிராமங்களில் அடுப்பு எரியவில்லை. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி நீதிமன்றம், நாடு முழுக்க அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த மதிய உணவு, குறைந்தது 300 கலோரி, வருஷத்தில் குறைந்தது 200 நாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. நாம் 1982-லேயே செய்துகொண்டிருந்ததை நாடு செய்ய ஒரு மனு தேவைப்பட்டது. மனு எழுதினவர்கள் சமைக்கவில்லை, அரிசி சுமக்கவில்லை. எழுதினார்கள். இன்றைக்குக் கோடிக்கணக்கான பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

சரி, நாம்தான் எல்லாம் செய்துவிட்டோமே, இனி என்ன என்று கேட்கலாம். இங்கேயும் ஓட்டைகள் இருக்கின்றன. எங்கள் தெருவிலிருந்தே சொல்கிறேன்.

ஒரு பெண், முப்பது வயசு. கணவர் அடித்துத் துரத்திவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அவள் பெயரும் பிள்ளைகள் பெயரும் கணவர் வீட்டு அட்டையில். அங்கே மாதாமாதம் அவர்களுக்கான அரிசியும் சேர்த்து வாங்குகிறார்கள், இங்கே பிள்ளைகள் பழைய சோற்றுக்கு நிற்கிறார்கள். புது அட்டை கேட்டு அலைந்தோம். பெயர் நீக்கிய சான்று கொண்டு வா என்றார்கள். பெயர் நீக்கக் கணவரின் கைப்பேசிக்கு வரும் எண் வேண்டும் என்றார்கள். அந்த எண்ணைக் கேட்க அவள் அந்த வீட்டு வாசலுக்குப் போக வேண்டுமாம். நான் அவளோடு நான்கு தடவை வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன். கடைசியில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த பிறகு அட்டை வந்தது. எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் சின்னப் பிள்ளைக்குக் கால் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் வைத்தோம்.

அவளுக்கு உதவினது நல்லதுதான். ஆனால் அவளுக்கு உதவியதோடு நான் நின்றுவிட்டால், அடுத்த தெருவில் இன்னொருத்தி அதே நாலு நடை நடப்பாள். பிரிந்து வாழும் பெண் தனியாக விண்ணப்பித்தால் நேரில் விசாரித்து முப்பது நாளில் அட்டை கொடுக்க வேண்டும் என்று விதியே இருந்தால் நான் தேவையே இல்லை. நான் தேவைப்படாமல் போவதுதான் எனக்கு வேண்டும்.

ரேஷன் கடையில் இருக்கும் கைரேகைக் கருவியையும் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் நாற்றுப் பிடுங்கின கையில் ரேகை எங்கே இருக்கும்? கிழவிகள் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், கருவி சிவப்பு காட்டும். இந்த ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். நம் ஊரில் யார் யாருக்கு வருகிறது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது நம் வேலை. இதற்காகத்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சமூகத் தணிக்கையும் கண்காணிப்புக் குழுவும் வைத்திருக்கிறார்கள். கண்காணிப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டால் சொல்லியாக வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

மத்திய அரசின் ரேஷன் கணக்கு இன்னும் 2011 மக்கள்தொகையில் நிற்கிறது. அந்த வருஷம் பிறந்த பிள்ளை இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு படிக்கிறது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. நம் மாநிலம் தன் செலவில் சமாளிக்கிறது, மற்ற மாநிலங்களில் பிறந்தும் கணக்கில் பிறக்காத பிள்ளைகள் எத்தனையோ. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்கு வருகிற பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் சேர்த்திதான்.

இப்போது காலை உணவுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024-இல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், இந்த ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் காலையில் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மகளிர் குழுப் பெண்கள் ரவை கிச்சடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணிவரை கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளையும் வந்து மணி கேட்கவில்லை.

எனக்கு அந்த நாள் போதும் என்று தோன்றியது. ஆனால் திரும்பி வரும்போது உயர்நிலைப்பள்ளி வழியாக வந்தேன். அங்கே ஒரு பெண் பிள்ளை குழாயடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. என்னைத் தெரியும் அதற்கு, எங்கள் தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளை. "சாப்பிட்டாச்சா கண்ணு?" என்றேன். "அஞ்சாவது வரைக்கும்தான் டீச்சர் காலைச் சாப்பாடு, நான் இப்ப ஆறாவது" என்றது. குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. ஒரு விதியைச் சொல்வதுபோலச் சொன்னது. ஏப்ரலில் பசித்த வயிறு ஜூனில் பசிக்காமல் போகுமா? அதுவும் வயசுக்கு வருகிற பருவத்தில், ரத்தம் வேண்டிய பருவத்தில்? பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதியமும் இல்லை. தாளில் ஐந்து என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். அதை எட்டு என்று, பன்னிரண்டு என்று எழுதவைக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1925-இல் ஒரு அணாவுக்கும் கேட்டார்கள். 1982-இலும் கேட்டார்கள். கேட்கட்டும். கேட்பது நிதித்துறையின் வேலை, நாம் கேட்பது நம் வேலை. ஆனால் "ஐயா பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்கக்கூடாது. எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எத்தனை நாள், எத்தனை கிலோ என்று எழுதிக் கேட்க வேண்டும். கார்னிஷ் அப்படித்தான் கேட்டார். சமைக்கிறவர்களையும் சேர்த்துக் கேளுங்கள். 36 வருஷம் வேலை பார்த்து நான் வெளியே வந்தபோது மாதம் 2,000 ரூபாய்தான் ஓய்வூதியம். பசியைத் தீர்க்கிற வேலையைச் செய்கிறவர்கள் வீட்டில் பசி இருக்கக்கூடாது.

வரும் நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கிராமசபை. நம் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் இந்த ஜனவரியோடு முடிந்துவிட்டதால் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான் இருப்பார். தலைவர் இல்லாவிட்டாலும் சபை நாம்தான். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நாம் சொன்னதை எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், மூன்று வரிதான். காலை உணவை ஆறாம் வகுப்புக்கு மேலும் நீட்ட வேண்டும். பிரிந்து வாழும் பெண்களுக்கு முப்பது நாளில் தனி அட்டை வேண்டும். கண்காணிப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்களை ரேஷன் கடைச் சுவரில் எழுதிப் போட வேண்டும்.

கூடவே இந்த நோட்டு. இந்த ஜூனில் நம் ஊராட்சியிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் 23 பேர். வீடு வீடாகப் போய்க் கேட்டு, காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் நான் இங்கே படிக்கப் போவதில்லை. 9 பிள்ளைகளின் வரிசையில் "டீ" என்று மட்டும் இருக்கிறது. நோட்டு இந்த மேசையில்தான் இருக்கும், தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். வாருங்கள்.